பூஸ்ட் பட்டனைத் தொடாமல் ஆட்களைச் சேர்ப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. பூஸ்ட் பட்டனை அழுத்தி விளம்பரத்துக்குக் கொடுக்கக் கையில் காசில்லை, பேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஆட்கள் சேருவதாக இல்லை, என்ன செய்யலாம்? கேட்டவர்கள் வேறுவேறு தொழில் செய்பவர்கள் என்பதால் பதில்களும் வேறுபடும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. காசு கொடுக்காதபோது, உங்களைத் தெரியாத ஒருவரிடம் உங்கள் பதிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு மனிதர்தான். அவர் அதைத் தன் தங்கைக்கோ வகுப்புத் தோழனுக்கோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு அந்தப் பதிவில் ஒரு காரணம் இருக்கவேண்டும். கீழேயுள்ள பதில்களை இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

கேள்வி: வீட்டில் கேக், பலகாரம் செய்து விற்கிறேன். பேஸ்புக் பேஜ் தொடங்கி ஒரு வருடமாகிறது. சொந்தக்காரரையும் சிநேகிதிகளையும் தவிர யாரும் சேரவில்லை. தினமும் கேக் படம் போடுகிறேன். எங்கே பிழை?
– வாசகி, வெள்ளவத்தை

தினமும் போடுவதில் பிழையில்லை. போடுவது எல்லாம் ஒரே மாதிரிப் படமாக இருப்பதுதான் பிழை. கேக்கின் படம், கீழே “ஓடர்களுக்கு இன்பொக்ஸ் பண்ணவும்” என்ற வரி. கொழும்பில் இப்படியான பேஜ்கள் நிறைய இருக்கின்றன. பார்ப்பவருக்கு அதை இன்னொருவருக்கு அனுப்ப ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

முதலில் பேஜின் பெயரையும் அறிமுக வரியையும் திருத்துங்கள். “ஸ்வீட் ட்ரீம்ஸ்” போன்ற பெயரை யாரும் தேடப்போவதில்லை. என்ன செய்கிறீர்கள், எங்கே செய்கிறீர்கள் என்ற இரண்டும் பெயரிலேயே தெரியட்டும். உங்கள் கடிதத்தில் முட்டை சேர்க்காத கேக்கும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதையே முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் சைவக் குடும்பங்கள் அதிகம். பிள்ளையின் பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் அவர்கள் முட்டையில்லாக் கேக்கைத் தேடித்தான் ஆகவேண்டும். அறிமுக வரியில் நான்கு விடயங்கள் போதும்: என்ன வகை, ஒரு கிலோ என்ன விலை, எத்தனை நாளுக்கு முன் சொல்லவேண்டும், எந்த இடம்வரை அனுப்புவீர்கள். விலையை மறைத்து “இன்பொக்ஸ்” என்று எழுதினால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். கேட்பவர்களுக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி உங்கள் நேரம் போய்விடும்.

அடுத்தது பதிவுகள். வாரத்துக்கு மூன்று போதும். அவற்றில் ஒன்று மட்டும் விற்பனைப் பதிவாக இருக்கட்டும், மற்ற இரண்டும் பார்ப்பவருக்குப் பயன்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, “முட்டையில்லாக் கேக் நடுவில் ஏன் குழிகிறது?” என்று 30 செக்கன் வீடியோ எடுக்கலாம். காரணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பேக்கிங் சோடா கூடிப்போனது. சோடாவும் வினிகரும் சேர்ந்த கலவையை உடனே ஓவனில் வைக்காமல் விட்டதால் வாயு வெளியேறிவிட்டது. நடுப்பகுதி வேகுமுன் கதவைத் திறந்தாயிற்று. இந்த மூன்றையும் குழிந்த கேக் ஒன்றைக் காட்டியே சொல்லுங்கள். வீட்டில் கேக் செய்து பார்க்கும் ஒருத்தி இதைச் சேமித்து வைப்பாள், அக்காவுக்கும் அனுப்புவாள். தொழில் இரகசியம் போய்விடுமோ என்று பயப்படவேண்டாம். செய்யத் தெரிந்தவர்களும் மூன்று கிலோ பிறந்தநாள் கேக் தேவைப்படும்போது வெளியில்தான் ஓடர் கொடுப்பார்கள். அந்த நேரம் நினைவுக்கு வருவது சொல்லித்தந்தவரின் பெயர்.

வீடியோவின் முதல் இரண்டு செக்கனில் கத்தி கேக்கை வெட்டும் காட்சியையோ குழிந்த நடுவையோ வையுங்கள். வணக்கம், பேஜின் பெயர், லோகோ எதுவும் அங்கே வேண்டாம். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், ஆகவே சொல்வதைத் தமிழில் பெரிய எழுத்தாகத் திரையிலும் போடுங்கள். வெளிச்சத்துக்கு லைட் வாங்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கேக்கை வையுங்கள். மேலேயுள்ள ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சமும் கலந்தால் வெள்ளை ஐசிங் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரியும்.

விசேடங்களுக்கு முந்திக்கொள்ளுங்கள். நவராத்திரி, தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் எதுவானாலும் மூன்று வாரங்களுக்கு முன்பே அதற்கான பதிவு போகவேண்டும். பண்டிகைக்கு முதல்நாள் போடும் படத்துக்கு லைக் விழும், ஓடர் வராது.

பேஸ்புக்கில் உங்கள் பகுதிக் குழுக்கள் இருக்கும். அங்கே விளம்பரத்தை ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். அட்மின் நீக்குவார், மற்றவர்களுக்கும் எரிச்சல்தான் வரும். யாராவது “முட்டையில்லாக் கேக் எங்கே கிடைக்கும்?”, “வீட்டில் செய்தால் ஏன் கல்லாகிறது?” என்று கேட்கும்போது முழுமையாகப் பதில் எழுதுங்கள். உங்கள் பெயரை அழுத்திப் பார்த்து வருபவர்கள்தான் நிலைப்பார்கள். கூடவே கூகுள் பிஸ்னஸ் புரொபைல் ஒன்றும் தொடங்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, அனுப்பும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. கேக் வாங்கிய ஒவ்வொருவரிடமும் அங்கே ஒரு மதிப்பீடு எழுதித்தரக் கேளுங்கள், வெட்டும்போது எடுத்த வீடியோ ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் வீட்டு மேசையில் எடுத்த மங்கலான வீடியோவை, நீங்கள் அழகாக எடுத்த படத்தைவிட மற்றவர்கள் அதிகம் நம்புவார்கள்.

கேள்வி: ஒருவரை ஒருவர் ஃபொலோ பண்ணும் குழுக்களில் சேர்ந்தால் விரைவாகக் கூடுமா?
– வாசகர், தெஹிவளை

எண்ணிக்கை கூடும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. நீங்கள் ஒரு பதிவு போட்டதும் தளம் அதை முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டிப் பார்க்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்களைப் பின்தொடர்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் பார்த்து முடித்தால், சேமித்தால், அனுப்பினால் இன்னும் பலருக்குக் காட்டும். குழு மூலம் சேர்ந்தவருக்கு உங்கள் விடயத்தில் ஆர்வம் இல்லை, அவர் தள்ளிவிட்டுப் போகிறார். பதிவு அங்கேயே நின்றுவிடுகிறது. சந்தாதாரர்களை மாற்றிக்கொள்வதை யூடியூப் தன் விதிகளிலேயே தடைசெய்திருக்கிறது. காசுக்கு ஃபொலோவர்ஸ் வாங்கினாலும் இதே கதிதான், காசும் போகும்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால் இன்ஸ்டாகிராமிலும் டிக்டொக்கிலும் பின்தொடர்பவர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக நீக்கலாம். நீக்கியது அவர்களுக்கு அறிவிக்கப்படாது.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். யூடியூப் சனலில் ஒரு மணித்தியால வகுப்புகளை அப்படியே ஏற்றுகிறேன். பார்ப்பவர்கள் என் மாணவர்கள் மட்டுமே. வெளியூர்ப் பிள்ளைகளும் வர என்ன செய்வது?
– ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஒரு மணித்தியால வகுப்பைத் தேடிக்கொண்டு எந்தப் பிள்ளையும் வருவதில்லை. இரவு 9 மணிக்கு ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டு, அந்தக் கணக்கை மட்டும் தேடிக்கொண்டு வருகிறது. ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரு சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 10 நிமிடத்துக்குள் முடியட்டும். தலைப்பில் பாடத்தின் பெயரும் சிக்கலும் வரவேண்டும்: “தரம் 11 கணிதம் – இருபடிச் சமன்பாடு – வர்க்கபூர்த்தியாக்கலில் குறி மாறும் இடம்”. “வகுப்பு 14, பகுதி 2” என்ற தலைப்பு உங்கள் கொப்பிக்குப் பொருத்தம், தேடுபவருக்கு அதனால் பயனில்லை. எந்தச் சொற்களைத் தேடுகிறார்கள் என்று அறிய யூடியூப் தேடற்பெட்டியில் “தரம் 11 கணிதம்” என்று தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் மற்றவர்கள் தேடியவை. அவற்றை எழுதிக்கொண்டால் பல வாரங்களுக்கான பாடத்திட்டம் கையில் இருக்கும்.

தொடக்கத்தை வெட்டுங்கள். “வணக்கம் மாணவர்களே, இன்றைக்கு நாங்கள்…” என்று போகும் அரை நிமிடத்தில்தான் புதிதாக வந்த பிள்ளை போய்விடுகிறது. கணக்கை முதல் செக்கனிலேயே திரையில் காட்டி, “இந்த இரண்டாவது வரியில்தான் அதிகம் பேர் புள்ளியை இழக்கிறார்கள்” என்று தொடங்குங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர் தங்கும் வரைபடம் இருக்கிறது. கோடு எந்த நிமிடத்தில் செங்குத்தாக விழுகிறதோ அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். பலகை அழிப்பது, கதை சொல்வது, ஒரே வரியை மூன்றுமுறை வாசிப்பது என்று ஏதோவொன்று அங்கே இருக்கும். அடுத்த வீடியோவில் அதை விட்டுவிடுங்கள்.

அதே இடத்தில் இன்னோர் எண்ணும் உண்டு: வீடியோவின் முகப்பில் தெரியும் சிறுபடத்தை (தம்ப்நெயில்) கண்டவர்களில் எத்தனை வீதமானோர் அழுத்தினார்கள் என்பது. சனல்களில் அரைவாசிக்கு இது 2 வீதத்துக்கும் 10 வீதத்துக்கும் இடையில் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. உங்களுக்கு 2 வீதத்துக்குக் கீழே நின்றால் பாடத்தைத் திருத்தத் தேவையில்லை, சிறுபடத்தையும் தலைப்பையும் திருத்துங்கள். சிறுபடம் 1280 க்கு 720 அளவில், கணக்கின் ஒரு வரியும் பிழையான இடத்தில் சிவப்பு வட்டமுமாக இருந்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகள் சின்னத் திரையில் பார்க்கிறார்கள். நான்கு சொல்லுக்குமேல் எழுதினால் வாசிக்க முடியாது. சொந்தச் சிறுபடம் ஏற்ற, சனலை முதலில் தொலைபேசி எண்ணால் உறுதிப்படுத்த வேண்டும்.

பழைய ஒரு மணித்தியால வீடியோக்களை அழிக்கவேண்டாம். விவரணப் பகுதியில் நேரக்குறிப்புகள் போட்டால் அவை அத்தியாயங்களாகப் பிரியும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 செக்கனுக்குக் குறையக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பிரியாது, பலருக்கு வேலைசெய்யாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பிளேலிஸ்ட் செய்து, பாடவரிசைப்படி அடுக்குங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படம் மங்கலாக இருந்தாலும் பிள்ளைகள் பொறுப்பார்கள், குரல் தெளிவில்லாவிட்டால் பொறுக்கமாட்டார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். போனுடன் வந்த வயருள்ள ஹெட்செட்டின் மைக்கைச் சட்டையில் நெஞ்சுக்கு மேலாகக் குத்திக்கொள்ளுங்கள். தாளில் எழுதிக் காட்டுவதானால் இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஓர் அடிமட்டம் வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து வையுங்கள். நீலப் பேனையைவிடக் கறுப்பு மார்க்கர் தெளிவாக விழும்.

இதே சிக்கல்களை 40 செக்கன் ஷோர்ட்ஸாகவும் (யூடியூபின் குறு வீடியோக்கள்) போடலாம். ஆனால் விடையை ஷோர்ட்ஸில் மறைத்துவைத்து “முழு வீடியோவைப் பாருங்கள்” என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டிவிட்டு, அதே வகையில் இன்னும் கடினமானதை நீண்ட வீடியோவாக இணையுங்கள். பரீட்சை நெருங்கும் மாதங்களில் தேடல் கூடும். அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வீடியோக்கள் அங்கே இருக்கவேண்டும்.

வருமானம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷோர்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள். ஆசிரியருக்கு முதல் வழிதான் நடக்கக்கூடியது, ஏனென்றால் நல்ல கணக்கு வீடியோ வருடக்கணக்காகப் பார்க்கப்படும்.

கேள்வி: எத்தனை ஹேஷ்டேக் போடவேண்டும்?
– வாசகி, வத்தளை

மூன்று முதல் ஐந்து. ஒன்று பொருளுக்கு, ஒன்று இடத்துக்கு, ஒன்று மொழிக்கு. பொதுவான பெரிய ஹேஷ்டேக்குகளில் உங்கள் பதிவு சில நிமிடத்தில் புதைந்துபோகும். அந்த நேரத்தைக் கெப்ஷனின் முதல் வரியை எழுதுவதில் செலவிடுங்கள். தேடலில் அந்தச் சொற்களும் பார்க்கப்படுகின்றன.

கேள்வி: பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். அரங்கேற்றப் படங்கள், பிள்ளைகள் ஆடும் வீடியோக்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். பெற்றோர் மட்டுமே பார்க்கிறார்கள். சில வீடியோக்களில் பாட்டும் நின்றுவிடுகிறது.
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

அரங்கேற்றப் படம் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய விடயம், வெளியாளுக்கு அது ஒரு படம் மட்டுமே. வெளியாட்கள் தேடுவது நாட்டியத்தைப் புரிந்துகொள்ளும் வழியை. உங்கள் கையிலேயே அதற்கு ஒரு தொடர் இருக்கிறது. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் கூறும் அசம்யுத ஹஸ்தங்கள், அதாவது ஒற்றைக்கை முத்திரைகள், 28. முதல் முத்திரையான பதாகத்தில் தொடங்கி ஒரு முத்திரைக்கு ஒரு ரீல் (இன்ஸ்டாகிராமின் குறு வீடியோ). கையை அருகில் காட்டுங்கள், பிழையாகப் பிடிப்பது எப்படி, சரியாகப் பிடிப்பது எப்படி என்று இரண்டையும் காட்டுங்கள், பிறகு அந்த முத்திரை ஓர் அபிநயத்தில் வரும் இடத்தை ஆடிக்காட்டுங்கள். 25 செக்கன் போதும். வாரத்துக்கு இரண்டு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வரும். தொடராக வரும்போது நடுவில் பார்த்தவர் மற்றவற்றைப் பார்க்கப் பக்கத்துக்கு வருவார், அங்கேதான் பின்தொடரும் முடிவை எடுக்கிறார். அது முடிந்ததும் அரைமண்டியில் (முழங்கால் மடக்கி நிற்கும் நிலை) வரும் பிழைகள், தட்டடவு, நாட்டடவு போன்ற அடிப்படை அசைவுகள் என்று போகலாம். வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டுப் பயிற்சியில் பார்க்க அவர்களுக்கு இவை தேவை.

பதிவு புதியவர்களிடம் போவதற்கு மற்றவர்களுக்கு அனுப்பப்படுவதே மிகவும் உதவும் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் அடம் மொசேரி 2025 இல் வெளிப்படையாகச் சொன்னார். லைக் கேட்பதைவிட, “அலபத்ம முத்திரையில் சுண்டுவிரல் மடங்கும் உங்கள் தோழிக்கு அனுப்புங்கள்” என்ற வரி பயன் தரும்.

படம் எடுக்கும்போது நடனத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ரீலின் கீழ்ப்பகுதியைப் பெயரும் கெப்ஷனும் மறைத்துவிடும். அங்கேதான் பாதங்கள் இருக்கும். 1080 க்கு 1920 என்ற நிலைக்குத்துச் சட்டத்தில் அடிப்பகுதியின் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டு, ஆடுபவரைச் சற்று மேலே வையுங்கள். போனை இடுப்புயரத்தில் நிறுத்துங்கள், தலைக்கு மேலிருந்து எடுத்தால் அரைமண்டி தெரியாது.

பாட்டு நிற்பதற்குக் காரணம் உரிமை. தியாகராசரின் கீர்த்தனை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது, ஆனால் அதைப் பாடிய இசைத்தட்டின் பதிவுரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. பிஸ்னஸ் கணக்கு வைத்திருந்தால் பாட்டுப் பட்டியல் இன்னும் சுருங்கும். தீர்வு எளிது: உங்கள் சொந்த நட்டுவாங்கத்தையே, அதாவது தாளம் தட்டி ஜதி சொல்வதையே, போனில் பதிவுசெய்து போடுங்கள். தட்டுக்கழியின் சத்தமும் சொற்கட்டும் உங்கள் வகுப்பின் அடையாளமாகிவிடும். மிருதங்கம் வாசிப்பவர், ஒப்பனை செய்பவர், உடை தைப்பவர் எல்லாரிடமும் இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கும். ‘கொலாப்’ முறையில் அவர்களை அழைத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால், ஒரே பதிவு இரண்டு பக்கங்களிலும் வரும், இருவரையும் பின்தொடர்பவர்களுக்கும் போகும். செலவில்லாமல் கிடைக்கும் வழிகளில் இதைவிடச் சிறந்தது எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பிள்ளைகளின் முகம் வரும் எதற்கும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பாடசாலைப் பெயர், முழுப்பெயர், வகுப்பு நேரம் எதையும் பதிவில் எழுதாதீர்கள். முத்திரைத் தொடருக்கு உங்கள் கைகளே போதும்.

கேள்வி: தமிழில் போடுவதா, சிங்களத்தில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா? கொழும்பில் மூன்று மொழிக்காரரும் எங்கள் வாடிக்கையாளர்கள். தமிழில் கொம்பியூட்டரில் தட்டி ஒட்டினால் கிறுக்கலாகவும் வருகிறது.
– வாசகர், மட்டக்குளி

பேசும் மொழி ஒன்றாக இருக்கட்டும். மூன்று மொழியிலும் மாறிமாறிப் பேசினால், ஒவ்வொரு வீடியோவும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்நியமாகப் போகும், தளத்துக்கும் யாருக்குக் காட்டுவதென்று பிடிபடாது. எந்த மொழியில் உங்களால் தடையில்லாமல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமோ அதிலேயே பேசுங்கள், இரண்டாவது மொழியைத் திரை எழுத்தாகப் போடுங்கள். சமையல், தையல், திருத்தவேலை போன்ற கண்ணால் பார்த்துப் புரிபவற்றுக்குப் பேச்சே தேவையில்லை. தலைப்பில் மட்டும் பொருளின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் தமிழர் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

கிறுக்கலுக்குக் காரணம் பாமினி எழுத்துரு. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் அதில்தான் தட்டுகிறார்கள். அது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய முறை. பேஸ்புக்கில் ஒட்டினால் போர்வை போய் ஆங்கில எழுத்துகள் மட்டும் மிஞ்சும், தேடலிலும் அகப்படாது. பாமினியிலிருந்து, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. போனில் என்றால் கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழைச் சேருங்கள். குரலால் தட்டும் வசதியில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியாகவே ஒரு தெரிவு உண்டு.

கேள்வி: எந்த நேரத்தில் போடுவது நல்லது? எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்.
– வாசகர், கொழும்பு 13

கொழும்பில் இரவு 8.30 என்றால், கோடைகாலத்தில் இலண்டனில் மாலை 4 மணி, ரொறன்ரோவில் காலை 11 மணி. மாரிகாலத்தில் அங்கே இரண்டிலும் ஒரு மணித்தியாலம் குறையும். மூன்று இடத்திலும் ஆட்கள் விழித்திருக்கும் நேரம் இதுதான். உள்ளூருக்கு மட்டும் என்றால் உங்கள் கணக்கின் இன்சைட்ஸ் பகுதியில் ஆட்கள் வரும் நேரம் காட்டப்படும், அதற்குச் சற்று முன்னதாகப் போடுங்கள். மெட்டா பிஸ்னஸ் சூட்டில் நேரம் குறித்து வைத்தால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் தானாகவே போகும், கட்டணமில்லை. ஆனால் கொமெண்ட் வரும் முதல் ஒரு மணித்தியாலம் நீங்களும் அங்கே இருங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் துணிக்கடை. வாட்ஸ்அப்பில் ப்ரோட்காஸ்ட் அனுப்பினால் பலருக்குப் போவதில்லை. குழுவில் சேர்த்தால் வெளியேறுகிறார்கள்.
– கடை உரிமையாளர், கொழும்பு 11

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். இதைத் தெரியாமல் பலர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். காசு வாங்கும் இடத்தில் கியூஆர் குறியை ஒட்டிவைத்து, “எண்ணைச் சேமித்து ஒரு வணக்கம் அனுப்பினால் புதுச் சரக்கு வந்ததும் சொல்வோம்” என்று கேளுங்கள். அந்தக் குறியை வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியே உருவாக்கித் தரும்.

கேளாமல் குழுவில் சேர்ப்பதை இன்றே நிறுத்துங்கள். குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம் என்றாலும், எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் வெளியேறுவதற்கு அது ஒன்றே போதும். கோபத்தில் பலர் முறையிட்டால் உங்கள் எண்ணே முடக்கப்படலாம். வாட்ஸ்அப் சனலில் இந்தச் சிக்கல் இல்லை. பின்தொடர்பவருக்கு மற்றவர் எண் தெரியாது, எண்ணிக்கைக்கு மேல்வரம்பும் இல்லை. ஆகவே புதுச் சரக்குச் செய்தி சனலுக்கு, ஓடர் பேச்சு தனி உரையாடலுக்கு, அன்றாடப் படங்கள் ஸ்டேட்டஸுக்கு என்று பிரித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியின் பொருட்பட்டியலான கெட்டலொக்கில் விலையுடன் பொருட்களைப் போட்டுவைத்தால், “என்ன விலை?” என்ற கேள்விக்கு ஒரு தொடுப்பை அனுப்பினால் முடிந்தது.

சனலில் ஒரு நாளைக்கு ஒரு செய்திக்குமேல் வேண்டாம். ஒரே நாளில் பத்துச் சேலைப் படங்கள் போனால் மறுநாள் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள்.

கேள்வி: டிக்டொக்கில் என் ஒரு வீடியோவை மட்டும் நிறையப் பேர் பார்த்தார்கள். ஆனால் பின்தொடர்ந்தவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு போட்டவையும் ஓடவில்லை.
– வாசகர், கிராண்ட்பாஸ்

அந்த வீடியோ பிடித்தவர் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்த்திருப்பார். அங்கே அதைப்போல இன்னொன்று இல்லாதிருந்தால் திரும்பிப் போயிருப்பார். இனிச் செய்யக்கூடியது: அந்த வீடியோவின் கொமெண்ட்களைத் திறந்து, கேள்வியாக இருப்பவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வீடியோவாகப் பதில் போடுங்கள். டிக்டொக்கில் அதற்கென்றே வசதி இருக்கிறது. பழைய வீடியோவில் உள்ள கூட்டம் புதியதற்கு வரும் வழி அது. நன்றாக ஓடிய மூன்றைப் பக்கத்தின் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வையுங்கள். அறிமுக வரியில் “சும்மா ஜாலிக்காக” என்றிருந்தால் எடுத்துவிட்டு, வாரத்துக்கு என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள்.

அதே வீடியோவை இன்ஸ்டாகிராமிலும் போடுவதானால் டிக்டொக்கிலிருந்து இறக்கிய பிரதியைப் போடாதீர்கள். மற்றத் தளத்தின் முத்திரை விழுந்த வீடியோவை இன்ஸ்டாகிராம் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஏற்றுமுன் போனில் உள்ள மூலப் பிரதியைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு காலம் பொறுப்பது?
– வாசகி, இரத்மலானை

ஒரே விடயத்தில், வாரம் மூன்று பதிவாக, 12 வாரம். அதற்குமுன் முடிவெடுக்க உங்களிடம் போதிய பதிவுகள் இராது. இந்த 36 பதிவுகளில் அதிகம் சேமிக்கப்பட்டவை, அனுப்பப்பட்டவை எவை என்று இன்சைட்ஸில் பாருங்கள். அவற்றில் ஐந்தை வேறு தொடக்கத்துடன் மீண்டும் செய்யுங்கள், மற்ற வகைகளைக் கைவிடுங்கள். 12 வாரத்தில் ஒன்றுகூட அனுப்பப்படவில்லை என்றால் விடயத்தையே மாற்றுவது நல்லது. ஃபொலோவர் எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதால் மனம் சோர்வதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

கேள்வி: சிரமப்பட்டுச் சேர்த்த பேஜ். “பதிப்புரிமை மீறல், 24 மணித்தியாலத்தில் பேஜ் நீக்கப்படும்” என்று மெசஞ்சரில் ஒரு செய்தி வந்திருக்கிறது. தொடுப்பை அழுத்துவதா?
– வாசகர், நீர்கொழும்பு

அழுத்தவேண்டாம். பேஸ்புக் இப்படி மெசஞ்சரில் தொடுப்பு அனுப்பிக் கடவுச்சொல் கேட்பதில்லை. உண்மையான எச்சரிக்கை என்றால் உங்கள் கணக்குக்குள்ளேயே கணக்கு நிலை காட்டும் பகுதியில் இருக்கும். மின்னஞ்சலாக வந்தால், உங்கள் கணக்கு அமைப்புகளில் உள்ள அக்கவுண்ட்ஸ் சென்டரில் ‘கடவுச்சொல், பாதுகாப்பு’ பகுதிக்குள் போய், பேஸ்புக் அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மோசடி. நீல அடையாளம் இலவசமாகத் தருகிறோம் என்று வருவதும் இதே வகைதான்.

யூடியூப் வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமாக வரும். விளம்பரம் செய்யக் காசு தருவதாக மின்னஞ்சல், கூடவே ஒப்பந்தம் என்று ஒரு கோப்பு. அதைக் கணினியில் திறந்தால், நீங்கள் ஏற்கெனவே கணக்குக்குள் நுழைந்திருக்கும் அமர்வையே (லொகின் நிலையை) அது திருடிவிடும், கடவுச்சொல்லுடன் இரண்டாவது குறியீடும் கேட்கும் இருபடிப் பாதுகாப்பும் அப்போது உதவாது. தெரியாதவர் அனுப்பும் கோப்பைக் கணினியில் திறக்காதீர்கள்.

இருபடிப் பாதுகாப்பை இன்றே போடுங்கள், அதற்குக் குறியீட்டைக் குறுஞ்செய்தியில் பெறுவதைவிட, போனிலேயே குறியீடு தரும் ஒதென்டிகேட்டர் செயலி நல்லது. கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அடையாள அட்டையுடன் வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் திரும்ப உள்ளே போகும் வழி. பேஜுக்கு முழு அதிகாரமுள்ள இரண்டாவது ஆளாக வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சேருங்கள். யூடியூபில் கடவுச்சொல்லைப் பகிராமல், ஸ்டூடியோவின் அனுமதிகள் பகுதியில் அவரை மனேஜராக அழைக்கலாம். முன்பு உதவி செய்து விலகிப் போனவர்களின் பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.